நாலு மணி வரைக்கும்

டூலா அத்தை நாற்காலியில் ஏறி நின்று, சுவர்க்கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த பெண்டுலத்தை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தினாள். மணி இரண்டு இருபது. எழுபத்தெட்டு வயதில் நாற்காலி மேலெல்லாம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தம்பி செத்துக் கிடக்கிற வீட்டில் டாக்டர் பேச்சை யார் கேட்பது?

இறங்கியவள் நேராக அலமாரிக்குப் போய் ஒரு வெள்ளைத் துப்பட்டியை எடுத்து நிலைக்கண்ணாடியை மூடினாள். உயிர் பிரிந்த வீட்டில் செய்ய வேண்டிய முதல் இரண்டு காரியம் முடிந்தது. மூன்றாவது, வாசலுக்குப் போய்க் குரல் கொடுப்பது. அந்தக் குரல் கேட்டால் எதிர்வீட்டுக்காரி தேவாலயத்துக்குப் போன் செய்வாள். கோவில் மணி செத்தவர் வயதை எண்ணி அடிக்கும். அறுபத்தொன்பது அடி. பெல்லமி மாவட்டம் முழுக்கக் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எண்ணும்.

வெர்னீஸ் படுக்கையறை வாசலில் ஈரத்துணியோடு நின்றாள். அப்பாவின் உதட்டை நனைக்கத்தான் கொண்டுவந்தாள். ஒரு நிமிஷத்துக்குள் அந்தத் துணிக்கு வேலையில்லாமல் போய்விட்டது. அம்மா ஓடெஸா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கண்ணிமைகளை மூடிவிட்டாள். பிறகு மூச்சை இழுத்தாள். வயிற்றின் அடியிலிருந்து அழுகை கிளம்பி வருவது வெர்னீஸுக்குத் தெரிந்தது.

ஓடிப்போய் அம்மாவின் வாயைக் கையால் பொத்தினாள்.

"அழாதேம்மா. இன்னும் நாலு மணி ஆகலை."

ஓடெஸாவின் கண் அகல விரிந்தது. பெற்ற மகளே வாயைப் பொத்துகிறாளே என்ற திகைப்பு முதலில். பிறகு புரிந்தது. தலையை மெல்ல ஆட்டினாள். வெர்னீஸ் கையை எடுத்தபோது உள்ளங்கை நனைந்திருந்தது.

வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்தாள். "என்னடி பண்றே நீ?"

"யாருக்கும் சொல்லக்கூடாது அத்தை. நாலு மணி வரைக்கும் அப்பா உயிரோட இருக்கார்."

விஷயம் இதுதான். நூறு வருஷமாக ஒரு கறுப்பரையும் உள்ளே விடாத அந்த மாநிலச் சட்டசபைக்குள் காலடி வைத்த முதல் கறுப்பர் வெர்னீஸின் அப்பா லூசியஸ் பிராக்டர். பதினெட்டு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் சாதித்தது என்று ஊர் சொல்வது ஒன்றே ஒன்று: முப்பத்திரண்டு படுக்கை கொண்ட மாவட்ட ஆஸ்பத்திரி. அதற்கு முன்னால் வெர்னீஸுக்கு ஒரு அண்ணன் இருந்தான். நாலு வயதில் தொண்டை அடைத்தது. டவுனில் இருந்த வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பியது. தொண்ணூறு மைல் தள்ளி இருந்த அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அம்மாவின் மடியிலேயே போய்விட்டான். அதற்குப் பிறகுதான் கறுப்பர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த லூசியஸ் தேர்தலில் நின்றார். இப்போது செலவு கூடிப்போச்சு என்று கவர்னர் அந்த ஆஸ்பத்திரியை மூடப் பார்க்கிறார். மூடக்கூடாது என்று லூசியஸ் கொண்டுவந்த மசோதாவுக்கு இன்று நாலு மணிக்கு வாக்கெடுப்பு.

தலைநகருக்குப் போக அவர் நுரையீரலில் தெம்பு இல்லை. அதனால் ஜோடி போட்டார். சபையில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. நோயில் கிடக்கிறவர் எதிர்ப்பக்கத்தில் ஒருவரோடு கைகுலுக்கி ஜோடி சேரலாம். இவர் வர முடியாததால் அவரும் வாக்குப் போடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார். எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. போன வாரம் எதிர்ப்பக்கத்து உறுப்பினர், பருத்திக்காட்டு முதலாளி ஹாய்ட் கேலவே இந்தக் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றாமலே கையை நீட்டினார். "உன் உடம்புல உயிர் இருக்கிற வரைக்கும் என் வாய் திறக்காது, லூசியஸ். அதுக்கப்புறம் ஒரு நிமிஷம்கூட என்னால காத்திருக்க முடியாது" என்றார். ஆள் கடுமையானவர், ஆனால் சொன்ன சொல் மாறாதவர். கேலவே வாயை மூடிக்கொண்டிருந்தால் மசோதா ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்தொன்று. திறந்தால் சரிக்குச் சரி. சரிக்குச் சரி என்றால் தோல்வி.

காலையில் லூசியஸ் மகளிடம் சொன்னார். "நாலு மணி வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருவேன். பாத்துக்கோ."

அவர் வாக்குத் தவறியது வாழ்க்கையிலேயே இந்த ஒரு தடவைதான். ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம் குறைந்துபோயிற்று.

"பொய் சொல்லணும்கிறியா?" டூலா அத்தை கட்டிலைக் காட்டினாள். "இவன் பேரைச் சொல்லி? 'அந்தச் சபையில அவங்க ஆயிரம் பொய் சொன்னாலும் மறந்துடுவாங்க, நாம ஒண்ணு சொன்னா நம்ம பேரப்பிள்ளைங்க வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க'ன்னு சொல்லிட்டே இருந்தானேடி. ஒத்தைப் பொய் கிடையாது பதினெட்டு வருஷத்துல. செத்த கையோட அவனைப் பொய்யனாக்கப் போறியா?"

அத்தை சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அப்பா இருந்திருந்தால் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார், இன்னும் உரக்க. வெர்னீஸ் அப்பாவின் கையைப் பார்த்தாள். இன்னும் சூடு இருக்கும். தொட்டுப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

ஓடெஸாதான் பேசினாள். "டூலா, என் பிள்ளை என் மடியில சில்லிட்டுப் போனப்ப நான் எண்பத்தோராவது மைல்ல இருந்தேன். இன்னும் ஒம்பது மைல். நீ உக்காரு."

அத்தை உட்கார்ந்தாள்.

தொலைபேசி அடித்தது. மூவரும் அசையவில்லை. நாலு தடவை, ஐந்து, ஆறு. அடித்து ஓய்ந்தது. அந்த வீட்டில் யாரும் நேராக அடிக்கிற போனை எடுப்பதில்லை. லூசியஸ் முதல் தேர்தலில் ஜெயித்த வாரத்திலிருந்து, எடுத்தால் மறுபக்கம் வெறும் மூச்சு மட்டும் கேட்கும். சில நாள் மூச்சுக்குப் பதிலாக, வெர்னீஸ் எந்தத் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று யாரோ நிதானமாக விவரிப்பார்கள். அதனால் வேண்டியவர்கள் இரண்டு தடவை அடிக்க விட்டு, வைத்துவிட்டு மறுபடி அடிப்பார்கள். காரைக் கிளப்புமுன், யாராவது திறந்து குண்டு வைத்திருப்பார்களோ என்று, பானெட் மேல் ஒட்டிய நூல் அறுந்திருக்கிறதா என வீட்டார் பார்ப்பார்கள். வெளியிலிருந்து சுட்டுவிடுவார்கள் என்று லூசியஸ் ஒரு நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்ததில்லை. அவர் நாற்காலி உள்சுவரை ஒட்டி, கடிகாரத்துக்கு நேர் கீழே இருக்கும். இதெல்லாம் அந்த வீட்டில் பல் விளக்குவது போல.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இஞ்சின் அணையவில்லை.

யாரும் ஜன்னலுக்குப் போகவில்லை. வெர்னீஸ் சமையலறைப் பக்கத்துச் சந்து வழியாக எட்டிப் பார்த்தாள். கறுப்பு நிற அரசாங்கக் கார். பின் கதவு வழியாக ஒரு வெள்ளைக்கார இளைஞன் இறங்கினான். சபாநாயகரின் உதவியாளன் டாப்னி. டிரைவர் இருக்கையில் ஐசம் பெட்வே. நரைத்த மீசை, நீலத் தொப்பி. முப்பது வருஷமாகச் சட்டசபைக் கார் ஓட்டுகிற கறுப்பர், பெத்தேல் கோவில் சபையில் மூப்பர்.

"மோப்பம் பிடிக்க வந்துட்டான்" என்றாள் வெர்னீஸ். படுக்கையறைக் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு வெளியே போனாள்.

டாப்னி தாழ்வாரத்துப் படியில் சிரித்துக்கொண்டே நின்றான். "எப்படி இருக்கீங்க வெர்னீஸ்? லூசியஸ் எப்படி இருக்கார்? சபாநாயகருக்கு ஒரே கவலை. நேர்ல பாத்துட்டு வான்னு அனுப்பினார். ரெண்டு நிமிஷம்தான்."

"அப்பா தூங்கறார். டாக்டர் யாரையும் விடக்கூடாதுன்னுட்டார்."

"போன் பண்ணிப் பாத்தோம். யாரும் எடுக்கல."

"நாங்க எடுக்க மாட்டோம்னு உங்க ஆளுங்களுக்குத் தெரியுமே, பதினெட்டு வருஷமா."

டாப்னியின் சிரிப்பு கொஞ்சம்கூட மாறவில்லை. "ஓடெஸா இருக்காளா? அவ வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டா நிம்மதியாப் போயிருவேன்."

"மிஸஸ் பிராக்டர்" என்றாள் வெர்னீஸ்.

"ஆங்?"

"எங்கம்மா பேரு மிஸஸ் பிராக்டர்."

வலைக்கதவு திறந்தது. ஓடெஸா வந்து நின்றாள். கையில் கிண்ணம், அதில் ஒரு கரண்டி. காலையில் மிஞ்சிய சோளக்கஞ்சி ஆறி ஏடு கட்டியிருந்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வந்த முகமா அது! தேவன் அந்த நேரத்துக்கு மட்டும் வேறு முகம் கொடுத்தது போல இருந்தாள். "யாரு? டாப்னி தம்பியா? இப்பத்தான் ரெண்டு கரண்டி உள்ளே போச்சு. சத்தம் போட்டு எழுப்பிடாதேப்பா, மறுபடி தூங்க வைக்கறதுக்குள்ள என் பாடு பெரும்பாடு."

டாப்னி அவளைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். மணி என்ன ஆயிற்று என்று தன் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு காரைத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தான். "ஐசம், அந்தப் பன்னித்தொடையை எடுத்துட்டு வா. சபாநாயகர் குடுத்தனுப்பினது. நல்ல கனம். நீயே கொண்டுபோய்ச் சமையல்கட்டுல வெச்சுட்டு வா."

"இங்கேயே வெச்சிருங்க" என்றாள் வெர்னீஸ்.

"சேச்சே. எறும்பு வந்துரும்." அவன் குரலில் தேன் ஒழுகியது. "நம்ம ஐசம்தானே. உங்க ஆள்தானே."

மறுத்தால் அதுவே பதிலாகிவிடும். வெர்னீஸ் கதவை விட்டு விலகினாள். வெள்ளைக்காரன் உள்ளே வந்திருந்தால்கூடப் பயமில்லை. நின்ற கடிகாரத்தையும் மூடின கண்ணாடியையும் பார்த்து அவனுக்கு என்ன தெரியப்போகிறது? தூசி படியாமல் மூடியிருக்கிறார்கள் என்று நினைப்பான். ஐசம் அப்படியில்லை. தன் அம்மாவுக்கும் தன் மனைவிக்கும் தன் கையாலேயே பெண்டுலத்தை நிறுத்தியவர். அத்தை கடிகாரத்தை நிறுத்தியபோது தடுக்கத் தோன்றவில்லையே என்று வெர்னீஸ் தன்னையே சபித்துக்கொண்டாள்.

ஐசம் பொட்டலத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னறைக்குள் வந்தார். மூன்றடி வைத்தார். நின்றார்.

அறையில் சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் அவரை நிறுத்தியிருக்க வேண்டும். நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு இருபது. வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்தார். முக்கால் சாத்திய கதவின் வழியே டூலா அத்தையின் முழங்காலும், கட்டிலில் இரண்டு பாதங்களும் தெரிந்தன. அவர் கை தானாக மேலே போய்த் தொப்பியைக் கழற்றியது.

"ஐயோ, தொப்பியைப் போடுங்க" என்று வெர்னீஸ் உதட்டசைவில் கெஞ்சினாள். வலைக்கதவுக்கு அந்தப்பக்கம் டாப்னி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐசம் தொப்பியைத் தலையில் வைத்தார். சமையலறைக்குப் போய்ப் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். திரும்பி வரும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஓடெஸா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பது? அவருக்கு ஓய்வூதியம் வர இன்னும் ஏழு மாசம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், அவரே நாள் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படியில் டாப்னி சிகரெட் பற்ற வைத்திருந்தான். "பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"எப்படி இருக்கார்?"

ஐசம் தோட்டத்துப் பீக்கன் மரத்தைப் பார்த்தார். வெர்னீஸ் வலைக்கதவின் சட்டத்தைப் பிடித்திருந்தாள்.

"தூங்கறார் சார்."

"மூச்சு?"

"சீரா வருது. நெஞ்சு ஏறி இறங்கறது தெரிஞ்சுது. கதவுகிட்ட நின்னு நல்லாவே பாத்தேன்."

"சத்தியமா?"

"நான் சபை மூப்பன் சார்" என்றார் ஐசம். "பொய் சொல்றதில்ல."

டாப்னி சிகரெட்டைப் படியிலேயே நசுக்கிவிட்டுக் காரில் ஏறினான். கார் போன பிறகும் தூசி அடங்க நேரமாயிற்று. வெர்னீஸ் உள்ளே வந்து கதவில் சாய்ந்தாள்.

"கடிகாரத்தை ஓட விடணும்" என்றாள். "இன்னொருத்தரை அனுப்பினா?"

டூலா அத்தை பதறி எழுந்து வந்தாள். "வேண்டாண்டி! செத்தவனுக்கு நிறுத்தின கடிகாரத்தை யாராவது ஓட விடுவாங்களா? அது அடுத்த ஆளைக் கேக்கும். இதே வீட்டுல, இதே வருஷத்துல. நான் கண்ணால பாத்திருக்கேன்."

"கேக்கட்டும்" என்றாள் ஓடெஸா. "நான் இருக்கேன்ல."

அவளே நாற்காலியில் ஏறினாள். முள்ளை மூன்று பத்துக்குத் திருப்பினாள். நடுவில் மூன்று மணி அடித்தது. மூன்று பெண்களும் உடம்பைக் குறுக்கிக்கொண்டார்கள். பெண்டுலத்தை விரல் நுனியால் தள்ளினாள். டக், டக் என்று வீடு மறுபடி பேச ஆரம்பித்தது. இத்தனை வருஷம் கேட்ட சத்தம்தான். இன்றைக்கு வெர்னீஸ் அதை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

பிறகு காத்திருந்தார்கள். ஓடெஸா கட்டிலருகே உட்கார்ந்து புருஷன் முகத்தில் ஈ உட்காராமல் கோவில் விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். அத்தை வேதத்துச் சங்கீத வசனங்களை உதட்டுக்குள் சொன்னாள். வெர்னீஸ் போன் பக்கத்தில் நின்றாள். அப்பா, என்னை மன்னிச்சிரு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மன்னிப்பாரா என்று தெரியவில்லை. மன்னிக்கிற சுபாவம் அவருக்கு அவ்வளவாகக் கிடையாது.

நாலு அடித்தது. நாலேகால் ஆயிற்று. நாலு இருபத்தைந்துக்குத் தொலைபேசி இரண்டு முறை அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

"அக்கா!" அப்பாவின் தலைநகர் அலுவலகத்திலிருந்து காரியதரிசி நெட்டியின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஐம்பத்திரண்டு ஐம்பத்தொண்ணு! கேலவே கல்லு மாதிரி உக்காந்திருந்தார். பல்லைக் கடிச்சிக்கிட்டு. போங்க, ஐயாகிட்ட உடனே சொல்லுங்க. கேட்டதும் என்ன சொன்னார்னு எனக்கு அப்புறம் சொல்லணும்."

"சொல்றேன்" என்றாள் வெர்னீஸ். போனை வைத்தாள். இந்தத் தடவை அவளே நாற்காலியில் ஏறிப் பெண்டுலத்தைப் பிடித்தாள். நாலு இருபத்தாறு. அதுதான் இனி அவர் இறந்த நேரம்.

"இப்ப அழலாம்மா."

ஓடெஸா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூடிக்கொண்டாள். "போயிருச்சுடி" என்றாள், தன் அழுகையைச் சொல்வது போல. டூலா அத்தைதான் வாசலுக்குப் போய் ஊரே கேட்கக் குரல் கொடுத்தாள்.

கோவில் மணி அறுபத்தொன்பது அடித்து முடிப்பதற்குள் வீடு நிறைந்துவிட்டது. வெள்ளை உடுப்புப் போட்ட கோவில் சபைப் பெண்கள் அடுப்பைக் கைப்பற்றினார்கள். வருகிற ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் முதலில் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். "பாருங்க, வாக்கெடுப்பு முடியற வரைக்கும் காத்திருந்துட்டுப் போயிருக்கார்" என்று ஒரு அம்மாள் சொன்னாள். "மனுஷன்னா அவர் மனுஷன். சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டார்." கேட்டவர்கள் எல்லாம் ஆமென் என்றார்கள். வெர்னீஸ் தட்டுகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஐசம் வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி நடந்து வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு, தூசி படிந்த சப்பாத்து, தலையில் தொப்பி இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தாறு. கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"கார் எங்கே ஐசம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாவியை வாங்கிக்கிட்டாங்க."

வெர்னீஸ் அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினாள். ஓடெஸாவும் வந்தாள்.

"நாலரைக்குச் செத்தார்னு சேதி வந்ததுமே டாப்னி முகம் மாறிடுச்சு" என்றார் ஐசம். "வாக்கை எழுதியாச்சு, அழிக்க முடியாது. பழியை யார் மேலயாவது எழுதணுமில்ல? 'மூப்பன்னு சொன்னியே, வேதத்து மேல கை வெச்சுச் சொல்லு'ன்னான். கை வைக்கல. அது ஒண்ணுதான் என்னால முடியல சிஸ்டர்."

"ஏழு மாசம்தானே பாக்கி" என்றாள் வெர்னீஸ். "எங்களுக்காக ஏன் மாமா?"

ஐசம் மேஜை மேல் பிரிக்காமல் கிடந்த பன்னித்தொடைப் பொட்டலத்தைப் பார்த்தார். "உங்கப்பா வந்த முதல் வருஷம், சட்டசபையில மேல் மாடிச் சாப்பாட்டு அறையில ஒருத்தனும் அவர் பக்கத்துல உக்காரல. கீழே வந்தார். சமையல்கட்டுல எங்களோட உக்காந்து சாப்பிட்டார். மேல இடம் கிடைச்ச பிறகும் வியாழக்கிழமைன்னா கீழேதான். நான் அந்த வெள்ளைக்காரங்களை இத்தனை வருஷமா ஓட்டறேன். பின்சீட்டுல என்னெல்லாம் பேசுவாங்க! உங்கப்பாவை என்ன பண்றதுன்னு கூடப் பேசியிருக்காங்க. அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, 'ஐசம், என்ன பேசினாங்க'ன்னு என்னைக் கேட்டதில்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சொன்னா என் வேலை போயிருக்கும். அவருக்குத் தெரியும்." மீசையைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு அந்தப் பயல் ஒரே நிமிஷத்துல என்னை வேவு பாக்க உள்ளே அனுப்பிட்டான்."

ஓடெஸா ஒரு தட்டில் கோழியும் கீரையும் சோளரொட்டியும் வைத்தாள். அவரை முன்னறைக்குக் கூட்டிவந்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியில், ஜன்னலோரமாக உட்கார வைத்து மடியில் தட்டைக் கொடுத்தாள். அவர் ஜெபித்துவிட்டு முதல் வாயை எடுத்தார்.

வெளியே பீக்கன் மரத்தடியில் ஒரு கார் வந்து நின்றது. விளக்கு அணைந்தது. இஞ்சின் அணையவில்லை. கதவு திறக்கிற சத்தமும் கேட்கவில்லை.

அறையில் பேச்சு நின்றது. யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

"வெர்னீஸ்" என்றாள் ஓடெஸா, சாதாரணக் குரலில். "மாமாவுக்கு உங்கப்பா நாற்காலியைக் காலி பண்ணிக் குடு."

ஐசம் தட்டோடு எழுந்து நின்றார். வெர்னீஸ் லூசியஸின் நாற்காலி மேல் குவிந்திருந்த கோட்டுகளையும் தொப்பிகளையும் எடுத்து மூலையில் குவித்தாள். உள்சுவரை ஒட்டி, நின்ற கடிகாரத்துக்கு நேர் கீழே அது இருந்தது. ஐசம் போய் உட்கார்ந்தார். அதில் எப்படி உட்கார வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சாப்பிட்டார்.